கண்மாய்க் கரையில் பண்ணை வீடு: எந்த மரத்தை எங்கே நடுவது?

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டைப் பக்கம் நிலம் வாங்கிப் பண்ணை வீடு கட்டி, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப்போக இடம் அமைப்பவர்கள் இப்போது நிறையப் பேர். நிலத்துக்குள் ஒரு குட்டையோ, பின்புறம் ஒரு கண்மாயோ இருந்துவிட்டால் அதைவிடக் கொடுப்பினை இல்லை. கரையில் நாலு மரம் நின்றால் அந்த இடமே வேறாகிவிடும் என்று எல்லோருக்கும் தோன்றும். தோன்றிய வேகத்தில் நாற்றங்காலுக்கு வண்டி அனுப்பி, கையில் கிடைத்த கன்றுகளையெல்லாம் வரிசையாக நட்டுவிடுகிறார்கள். கார்த்திகை வெள்ளத்தில் கொஞ்சம் மூழ்கிப் போகும். பங்குனி வெயிலில் கொஞ்சம் காய்ந்து போகும்.

செட்டிநாட்டில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஏறும். தையிலிருந்து இறங்கும். சித்திரையில் கண்மாய் நடுவிலேயே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதில் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு விதம். எனவே எந்த மரம் வேண்டும் என்று யோசிப்பதற்கு முன், உங்கள் நிலத்தில் தண்ணீர் எங்கே எத்தனை நாள் நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

முதல் வேலை: ஒரு மழைக்காலம் பொறுங்கள்

இந்தப் பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில் கொட்டுவது. அந்த மூன்று மாதமும் கண்மாயைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் ஏறி நின்ற விளிம்பில் வாரம் ஒரு கம்பு ஊன்றுங்கள். தை, மாசியில் இறங்கும்போதும் அப்படியே ஊன்றுங்கள். கம்புகளைப் பார்த்தாலே கரை உங்களுக்கு மூன்று பட்டைகளாகத் தெரிய ஆரம்பித்துவிடும். மாதக்கணக்கில் மூழ்கிக் கிடப்பது ஒன்று. சில நாள் மட்டும் நனைந்து வடிவது ஒன்று. தண்ணீரே தொடாத மேட்டுப் பகுதி ஒன்று.

ஒரு வருடத்து மழையை மட்டும் நம்ப முடியாது. அந்த வருடம் பொய்த்த மழையாகவும் இருக்கலாம். ஊரில் மடை திறந்து பழகிய பெரியவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் போய், "ஐயா, பெருமழை பேஞ்ச வருஷம் தண்ணி எதுவரைக்கும் ஏறி நின்னுச்சு?" என்று கேளுங்கள். "அந்தா நிக்கிற மூணாவது பனை வரைக்கும் தம்பி" என்று கையைக் காட்டிச் சொல்லிவிடுவார். எந்த வரைபடமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது. முள்ளில் சிக்கிக் காய்ந்த சருகும், பழைய மரங்களின் அடியில் படிந்த சேற்றுக்கோடும் அவர் சொல்வதற்குச் சாட்சி நிற்கும்.

அப்புறம் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வரத்துக்கால், மடை, கலுங்கு. வரத்துக்கால் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வருகிறது, மடை வழியாக வயலுக்குப் போகிறது, மிஞ்சியது கலுங்கில் வழிகிறது. இந்த மூன்றையும் ஒட்டி எந்த மரமும் வேண்டாம். வேர் போய் மடைக் கட்டுமானத்தைப் பிளக்கும். முறிந்த கிளை கலுங்கை அடைத்தால் வெள்ளம் கரையை உடைத்துக்கொண்டு போகும். பாதிப்பு உங்களோடு நிற்காது, கீழே உள்ள வயல்காரர்கள் அத்தனை பேருக்கும் சேரும்.

இதே சமயத்தில் காகிதத்தையும் பார்த்துவிடுங்கள். கண்மாயும் அதன் கரையும் பெரும்பாலும் புறம்போக்குதான். உங்கள் வேலியை ஒட்டி இருப்பதால் உங்களுடையது ஆகிவிடாது. நிலம் யாருடையது என்று காட்டும் அ-பதிவேட்டையும், அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் வாங்கி, நில அளவையர் ஒருவரைக் கொண்டு எல்லையைக் காட்டச் சொல்லுங்கள். எல்லைக்கு வெளியே நட ஆசை இருந்தால் ஊராட்சியிடமும், கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறதோ அந்தத் துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஊர்க்காரர்கள் நடந்துபோகும் கரைப் பாதையை வேலி போட்டு மறிக்கக் கூடாது. கோடையில் தண்ணீர் வற்றியதும் பல கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். விடியற்காலையில் கச்சா, ஊத்தா என்று மீன்பிடி சாமான்களைத் தூக்கிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊரே வந்து இறங்கும். அந்த வழி திறந்தே இருக்கட்டும். உங்கள் வீட்டில் தங்க வந்தவர்களுக்கும் அதைவிட நல்ல காலைப்பொழுது அமையாது.

இருப்பதைப் பாருங்கள்

புதிதாக நடுவதற்கு முன், ஏற்கெனவே நிற்பவை எவை என்று கணக்கெடுங்கள். பழைய இலுப்பை, மருது, நாவல், பனை ஒன்று இருந்தாலும் அதைச் சுற்றித்தான் மற்ற எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும். வீட்டுக்குக் குறுக்கே வருகிறது என்று வெட்டாதீர்கள், வீட்டைத் தள்ளிக் கட்டுங்கள். அப்படிப்பட்ட மரத்தை இன்று நட்டால் உங்கள் பேரன் காலத்தில்தான் அந்த அளவுக்கு நிற்கும்.

அடுத்தது சீமைக்கருவேல். 1870களில் இந்தியாவுக்குள் வந்த இந்த மரம் இன்று சிவகங்கை, இராமநாதபுரம் கண்மாய்களில் பாதையே தெரியாமல் அடர்ந்து கிடக்கிறது. அகற்றத்தான் வேண்டும். ஆனால் பொக்லைனைக் கொண்டுவந்து ஒரே நாளில் கரை முழுவதையும் வழித்துவிடக் கூடாது. அந்த வேர்தான் இப்போதைக்குக் கரை மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மொட்டைக் கரையில் முதல் மழை விழுந்தால் மண் முழுக்கக் கண்மாய்க்குள் இறங்கிவிடும். பத்துப் பதினைந்து அடி நீளத்துக்கு ஒரு துண்டு, அடுத்த துண்டை விட்டுவிட்டு அதற்கடுத்தது என்று எடுங்கள். எடுத்த இடத்தில் உடனே வெட்டிவேரும் நாட்டு மரங்களும் வரட்டும். அவை வேர் பிடித்த பிறகு மிச்சத்தை எடுக்கலாம். மேலோடு வெட்டினால் துளிர்த்துக்கொண்டே இருக்கும். அடித்தூரை ஓரடி ஆழத்துக்குத் தோண்டி எடுக்க வேண்டும். வெட்டிய விறகைக் கரிமூட்டம் போடுபவர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். முள்ளை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், புதுக் கன்றுகளுக்கு ஆடு அண்டாத வேலி அதுதான்.

வெட்டும் ஆட்களுக்கு ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: நாட்டுக் கருவேலைத் தொடக் கூடாது. நெற்று பாசிமணி கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கி இருந்தால் அது நாட்டு மரம். பெயரில் கருவேல் இருப்பதாலேயே சேர்த்து வெட்டப்படுகிற மரம் இது.

எந்தப் பட்டையில் எது

மூழ்கும் பட்டையில் நிற்கத் தகுந்தது முதலில் இந்த நாட்டுக் கருவேல்தான். மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் தாங்கும், தண்ணீர் வற்றிய பிறகு வறட்சியையும் தாங்கும். நீர்ப்பறவைகளுக்கு இதைப்போல் பிடித்த மரம் குறைவு. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் 1977 இல் சரணாலயமான வேட்டங்குடிக் கண்மாய்களுக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீருக்கு நடுவில் நிற்கும் கருவேல மரங்களில்தான் நாரையும் கொக்கும் கூடு கட்டியிருக்கும். முள் மரம் என்பதால் குழந்தைகள் இறங்கும் பக்கத்தை விட்டு, எதிர்க்கரைப் பக்கம் நடுங்கள்.

அதே பட்டைக்குச் செங்கடம்பும் ஏற்றது. செந்நிறப் பூ சரம் சரமாகத் தொங்கும். இரவில் மலர்ந்து காலையில் உதிர்ந்துவிடும், விடியும்போது தண்ணீர்மேல் சிவப்பாக மிதக்கும். இதன் மரப்பட்டையையும் காயையும் இடித்துப் போட்டு மீனை மயக்கிப் பிடிக்கிற வழக்கம் உண்டு. மரம் நிற்பதால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வெட்டிய கிளைகளை மீன் வளர்க்கும் குட்டைக்குள் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நனைந்து வடியும் பட்டைதான் மிக வளமானது, பெரிய மரங்களுக்கு உரியது. இங்கே முதல் மரியாதை நீர்மருதுக்கு. வெளுத்த வழவழப்பான அடிமரம், செதில் செதிலாக உரியும் பட்டை, கரையை இறுக்கிப் பிடிக்கும் வேர். பிள்ளையார்பட்டிக் கோயிலின் தலமரம் மருதுதான். அந்த ஊருக்கு மருதங்குடி என்ற பழம்பெயரும் உண்டு. இந்த மண்ணுக்கு அது எவ்வளவு பழக்கப்பட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். ஒரு மருதுக்கும் இன்னொன்றுக்கும் 25 முதல் 30 அடி விடுங்கள். வரிசையாக நடவே வேண்டாம். மூன்று ஓரிடத்தில், தள்ளி இரண்டு, அப்புறம் வெற்றிடம் என்று இயல்பாக இருந்தால் கண்ணுக்கும் நல்லது, காற்றும் புகுந்து போகும்.

மருதுக்குப் பக்கத்தில் நாவல். ஈரத்தைத் தாங்கும், பறவைகளும் வௌவால்களும் தேடி வரும், ஆனி ஆடியில் பழம் கொட்டும். கொட்டும் என்பதைக் கவனத்தில் வையுங்கள். நடைபாதைக்கும் திண்ணைக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் மேல் கிளை வராதபடி நட வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த முற்றத்தில் நாவல் கறை படிந்தால் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோவீர்கள். நீர்க்கடம்பும் மாவிலங்கமும் இந்தப் பட்டைக்கே உரியவை. மாவிலங்கம் பெரிதாக வளராது. கோடையின் தொடக்கத்தில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்து மரமே மறைந்துபோகும். அதன் இலையைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. விருந்தினர் தங்கும் அறையின் சன்னலுக்கு எதிரே ஒன்று இருக்கட்டும் என்பது என் விருப்பம்.

புங்கனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் இதைச் சாலையோர மரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கோடையில் வெள்ளை பூத்துக் கிடக்கும் உவர் மண்ணிலும் இது வரும். சில நாள் தண்ணீரில் நின்றாலும் வரும், மேட்டில் காய்ந்தாலும் வரும். பயறு வகையைச் சேர்ந்த மரம் என்பதால் வேர் முடிச்சுகள் வழியாக மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்க்கும். மாசி பங்குனியில் இலை உதிர்த்து உடனே தளதளவென்று துளிர்த்துவிடும். வெயில் உச்சிக்குப் போகும்போது நிழல் முழுமையாக இருக்கும். ஆடு மாடு அவ்வளவாக மேயாது. எந்த மரம் எங்கே பிழைக்கும் என்று சந்தேகமான இடத்தில் புங்கனை நடுங்கள். கரையின் மேற்குப் பக்கத்தில் 15 முதல் 20 அடிக்கு ஒன்றாக நின்றால், பிற்பகல் வெயில் தண்ணீர்மேல் நேராக விழாமல் தடுக்கும். தண்ணீர் இன்னும் சில நாள் கூடுதலாக நிற்கும்.

தண்ணீர் தொடாத மேட்டுக்கு இலுப்பை. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று இருக்கும் இலுப்பைக்குடி தன் பெயரிலேயே இதை வைத்திருக்கிறது. விளக்குக்கும் சமையலுக்கும் எண்ணெய் தந்த மரம். மெதுவாகத்தான் வளரும், அதனால்தான் யாரும் நடுவதில்லை, அதனாலேயே நீங்கள் நட வேண்டும். வெளிச்சரிவிலும் வேலியோரத்திலும் பனங்கொட்டையை 10 அடிக்கு ஒன்றாகப் புதைத்துவிட்டால் போதும், மறந்தே போகலாம்.

ஆலும் அரசும் அத்தியும் எல்லோருக்கும் பிடித்தவை. பறவைகளுக்கு அவற்றைப்போல் சோறு போடுபவை இல்லை. ஆனால் ஊருணியின் செம்புறாங்கல் சுவர், படித்துறை, கிணறு, வீடு எதற்கும் 50, 60 அடிக்குள் வர விடாதீர்கள். கல் இடுக்கில் பறவை எச்சத்தில் முளைத்த அரசங்கன்றை விரல் அளவில் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். கை அளவுக்கு ஆனபின் சுவரோடுதான் வரும்.

மரங்களுக்குக் கீழே, நீர் விளிம்பில் வெட்டிவேரை அரையடிக்கும் குறைவான இடைவெளியில் நெருக்கி ஊன்றுங்கள். அதற்கு மேலே நொச்சிக் குச்சிகள். ஒரு மூலையில் தாழை, பாதையை விட்டுத் தள்ளி. இவை மரம் வளரும்வரை கரையைக் காக்கும்.

ஒரு எச்சரிக்கை. நீங்களே வெட்டிய சிறிய பண்ணைக்குட்டையின் கரைமேல் பெரிய மரம் வேண்டவே வேண்டாம். கொட்டிக் குவித்த மண் அது. காற்றில் மரம் சாய்ந்தால் கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும். பட்டுப்போன வேர் மக்கிய வழியில் தண்ணீர் கசியும். குட்டைக் கரையில் புல்லும் வெட்டிவேரும் போதும். மரங்கள் கரையின் வெளி அடிவாரத்திலிருந்து 15, 20 அடி தள்ளி நிற்கட்டும். இலைச் சருகு அதிகமாக விழுந்து மக்கினால் சின்னக் குட்டையில் மீன்கள் மூச்சுத் திணறி விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறக்கும், அதற்கும் இந்தத் தூரம் நல்லது. அல்லியும் தாமரையும் வேண்டுமென்றால் வெயில் வேண்டும். கிழக்குப் பக்கத்தைத் திறந்தே விடுங்கள்.

எப்போது, எப்படி நடுவது

மேட்டுப் பட்டைக்குப் புரட்டாசிக் கடைசி அல்லது ஐப்பசியின் முதல் நல்ல மழை. மண் ஒரு முழம் ஆழத்துக்கு நனைந்த பிறகு நடுங்கள், மழையே மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிவிடும்.

நீர் ஏறும் பட்டைகளுக்கு இது பொருந்தாது. ஐப்பசியில் நட்ட ஓரடிக் கன்று கார்த்திகையில் தலை மூழ்கினால் எந்த மருதும் பிழைக்காது. அங்கே தை, மாசியில் தண்ணீர் இறங்க இறங்க அதன் பின்னாலேயே நட்டுக்கொண்டு போக வேண்டும். ஈரம் மண்ணுக்குள் இருக்கும், வேர் அதைத் துரத்திக்கொண்டு கீழே இறங்கும். கோடை முழுக்க நீங்கள் தண்ணீர் கொடுக்க வேண்டியிருக்கும், அது உண்மைதான். ஆனால் அடுத்த கார்த்திகைக்குள் தலை தண்ணீருக்கு மேல் நிற்கும் உயரத்துக்குக் கன்று வந்துவிட வேண்டும். அதனால் இந்தப் பட்டைக்குச் சிறிய பையில் உள்ள கன்றை வாங்காமல், பெரிய பையில் மூன்று நான்கு அடி வளர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. செட்டிநாட்டு மண்ணில் பல இடங்களில் ஓரடி ஈரடியிலேயே செம்புறாங்கல் தட்டும். அங்கே நிறுத்திவிட்டால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் வேர் அழுகும். கடப்பாரையால் அடியை உடைத்துவிடுங்கள். பொக்லைன் வெட்டிய குழி என்றால் பக்கச் சுவர் வழவழப்பாக இறுகியிருக்கும், அதையும் கொத்திவிடுங்கள். பிறகு குழி நிறையத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் அப்படியே நின்றால், மேட்டு மரமான இலுப்பைக்கு அந்த இடம் ஆகாது; மருதோ புங்கனோ வைக்கலாம். நிரப்புவதற்குத் தோண்டிய மேல்மண், மக்கிய எரு, கண்மாய் வண்டல், இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு போதும். வண்டலைத் தானாக அள்ளக் கூடாது, வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும்.

முதல் இரண்டு கோடைதான் சோதனை. ஒரு கன்றுக்கு வாரம் இருமுறை 10 முதல் 15 லிட்டர். ஆள் பற்றாக்குறை என்றால் கன்றுக்கு ஓரடி தள்ளி ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நிரப்பி மூடிவிடுங்கள், கசிந்து கசிந்து வேருக்குப் போகும். மானாமதுரை பக்கத்தில்தானே இருக்கிறது, சூளையில் கோணலான பானைகளைக் கேட்டால் குறைந்த விலைக்குக் கிடைக்கும். தூரைச் சுற்றி வைக்கோலோ சருகோ ஒரு சாண் தடிமனுக்குப் பரப்புங்கள், அடிமரத்தை ஒட்டாமல். சுற்றிலும் சீமைக்கருவேல் முள்.

தங்க வருபவர்களையும் எண்ணி

விருந்தினர் குளியலறைத் தண்ணீர் நேரே குட்டைக்குப் போகக் கூடாது. கல்வாழையும் வாழையும் நட்ட ஒரு சரளைப் படுகை வழியாக விட்டு, அங்கிருந்து மேட்டு மரங்களுக்குத் திருப்புங்கள். குடிநீர் ஊருணி பக்கத்தில் இருந்தால் அதன் கரையிலிருந்து எல்லாவற்றையும் தள்ளியே வையுங்கள்.

மரங்களுக்கு வண்ண விளக்குச் சரம் சுற்றுவது வேண்டாம். இலுப்பைப் பூவுக்கு இரவில் வௌவால் வர வேண்டும், செங்கடம்பு இருட்டில் பூக்க வேண்டும். பாதையில் கணுக்கால் உயரத்தில், கீழே பார்த்த விளக்கு போதும். பாம்பு கிடந்தாலும் தெரியும். கரைப் பாதையின் இரண்டு பக்கமும் நாலடிக்குப் புல்லை வெட்டி வைத்திருங்கள். வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்தச் செய்தியை வரவேற்பறையில் எழுதி வைத்தால், ஒலிபெருக்கி கேட்கும் விருந்தினருக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

ஊஞ்சல் கட்ட மருதின் தாழ்ந்த கிளை இழுக்கும். பத்து வருடமாவது போகட்டும். அதுவரை கம்பம் நட்டுக் கட்டுங்கள்.

கன்று எங்கே கிடைக்கும்

புங்கன், நாவல், மருது வனத்துறை நாற்றங்கால்களில் கிடைக்கும். செங்கடம்பு, மாவிலங்கம், இலுப்பை எளிதில் கிடைக்காது. கடம்பு என்ற பெயரில் வேறு வேறு மரங்களைக் கொடுத்துவிடுவார்கள், இலையையும் பூவையும் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் நீங்களே விதை சேகரியுங்கள். கண்மாய்க் கரை ஐயனார் கோயில்காடுகளில் இந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. அங்கே கன்றைப் பிடுங்குவதும் கிளையை ஒடிப்பதும் கூடாது. பூசாரியிடம் கேட்டுவிட்டு உதிர்ந்த விதையைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

மருதங்காய் மாசி முதல் சித்திரை வரை கிடைக்கும், இரண்டு நாள் ஊறப்போட்டு விதையுங்கள். புங்கங்காயும் ஏறக்குறைய அதே பருவம், அந்த விதை சில மாதம் தாங்கும். நாவலும் இலுப்பையும் அப்படித் தாங்காது. பழம் உதிர்ந்த சில நாளிலேயே சதையைக் கழுவிப் பையில் ஊன்றிவிட வேண்டும், இரண்டு வாரம் வைத்திருந்தால் முளைப்பது குறைந்துவிடும். ஒரு நாவல் கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். வலுவானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பனங்கொட்டைக்கு ஆவணி, புரட்டாசி. பழம் சாப்பிட்ட கையோடு ஈர மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். இப்போது ஆனி ஆடி நெருங்குகிறது என்றால், முதலில் நாவல் மரத்தடிக்குப் போங்கள்.